இளவேனிற் கீரையும் எங்கள் சம்பலும்

மார்ச் மாதத்தில் பனி உருகி நிலம் வெளிக்கும்போது ஜேர்மனியில் முதலில் பச்சை காட்டுவது மரங்கள் அல்ல. அவை இன்னும் பல வாரங்களுக்கு மொட்டையாகவே நிற்கும். நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் சிறு கீரைகளே முந்திக்கொள்கின்றன. வேலிக்கரையிலும், பிள்ளைகள் விளையாடும் புற்றரையிலும், வாசற்படிக் கல்லிடுக்கிலும் அவை முளைத்து நிற்க, நாம் மிதித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறோம்.

இந்த நாட்டவர் ஒரு காலத்தில் இந்தக் கீரைகளுக்காகக் காத்திருந்தார்கள். குளிர்காலம் முழுவதும் உப்பிலிட்ட கோவாவும், நிலவறையில் சேமித்த கிழங்கும் தின்று அலுத்த நாவுக்கு முதற் பச்சையிலை பெரிய விருந்து. அந்தப் பழக்கம் இன்றும் மறையவில்லை. பிராங்பேர்ட் நகரத்தவர் ஏழு வகை இலைகளை அரிந்து, தயிர் போன்ற புளித்த பாலாடையில் கலந்து, அவித்த முட்டையோடும் உருளைக்கிழங்கோடும் உண்கிறார்கள். ‘குறூண சோஸ’, அதாவது பச்சைச் சோஸ் என்பது அதன் பெயர். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய வியாழனன்று அதைச் சாப்பிடுவது வழமை. 2016ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குப் பாதுகாப்பும் அளித்தது. இலை தின்பது ஏழ்மையின் அடையாளம் என்று எவரும் வெட்கப்படத் தேவையில்லை என்பதற்கே இதைச் சொல்கிறோம்.

புதிதாக வந்து குடியேறிய எம்மவரின் குறை ஒன்று உண்டு. “இங்கே கீரை இல்லை.” தமிழ்க் கடையில் முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் கிடைக்கும், ஆனால் விமானம் ஏறி வந்த கீரைக்கட்டுக்கு விமானத்துக்கு ஏற்ற விலை. கிழமைக்கு ஒருநாள் வாங்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. இளவேனிற் காலத்தில் காசில்லாமலோ மிகக் குறைந்த காசிலோ கிடைக்கும் இலைகள் எவை, அவற்றை எப்படிச் சாப்பிடலாம், எவற்றைத் தொடவே கூடாது என்பவற்றைச் சொல்லவே இக்கட்டுரை.

சலாதும் சம்பலும்

சலாது என்றவுடன் பலர் முகம் சுளிக்கிறார்கள். “பச்சை இலையை ஆடு மாதிரி எப்படித் தின்பது?” என்று கேட்கிறார்கள். ஆனால் வல்லாரைச் சம்பல் என்பது என்ன? பச்சை இலையை மெல்லிதாக அரிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் சேர்த்து, உப்பிட்டு, தேசிக்காய் பிழிவது. இங்குள்ளவர்கள் தேசிக்காய்க்குப் பதிலாக வினாகிரியும், தேங்காய்ப்பூவுக்குப் பதிலாக எண்ணெயும் சேர்க்கிறார்கள். புளிப்பு, உப்பு, கொழுப்பு என்ற மூன்றும் இலையின் கைப்பை அடக்குகின்றன. இரண்டு இடத்திலும் கணக்கு ஒன்றுதான்.

கைப்பும் எமக்குப் புதிதல்ல. வேப்பம்பூ வடகம் பொரித்துத் தின்றவர்கள், பாவற்காய்ச் சம்பலுக்கு இன்னொரு பிடி சோறு போட்டவர்கள் நாம். ஐரோப்பிய இளவேனிற் கீரைகள் பலவற்றின் கைப்பு அதற்குப் பக்கத்திலும் வராது.

யன்னலிலும் தோட்டத்திலும்

காட்டுக்கும் வயலுக்கும் போவதற்கு முன் வீட்டுக்குள் தொடங்குவதே நல்லது. நீங்களே விதைத்த இலையில் அடையாளக் குழப்பம் இல்லை.

தோட்டமே இல்லாத ஒற்றை அறையிலும் ‘கிறெச’ வளரும். பூங்கன்றுக் கடைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் விதைப்பைக்கற் மிக மலிவாகக் கிடைக்கிறது. ஒரு தட்டில் ஈரப்பஞ்சை விரித்து, விதையை நெருக்கமாகத் தூவி, வெளிச்சமான யன்னலோரத்தில் வைத்துத் தினமும் நீர் தெளியுங்கள். ஏறத்தாழ ஒரு கிழமையில் கத்தரிக்கோலால் வெட்டலாம். கடுகு போன்ற உறைப்பு இருக்கும். பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்தால், தாங்கள் வளர்த்ததென்று தின்னவும் செய்வார்கள்.

அஞ்சறைப் பெட்டியிலுள்ள வெந்தயத்தையும் ஒரு சாடி மண்ணில் தூவினால் இரண்டு மூன்று கிழமைகளில் கீரையாகும். ஆனால் அதைச் சமைத்தே உண்ணுங்கள். முளையைப் பச்சையாகத் தின்ன வேண்டாம். 2011ஆம் ஆண்டு ஜேர்மனியில் ‘ஏஹெக்’ என்ற குடற்கிருமி பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தய விதையில் விளைந்த முளைகளே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர் முடிவுக்கு வந்தனர்.

பல்கனியோ சிறு நிலத்துண்டோ உள்ளவர்கள் மார்ச் கடைசியில் சிவப்பு முள்ளங்கியான ‘றடீஷன்’, பசளி போன்ற ‘ஸ்பினாட்’, வெட்ட வெட்டத் துளிர்க்கும் ‘ப்புளுக்சலாட்’ ஆகியவற்றை விதைக்கலாம். இவை சிறு குளிரைத் தாங்கும். முள்ளங்கி நான்கு முதல் ஆறு கிழமைகளில் வந்துவிடும். அதன் இளம் இலையையும் எறிந்துவிடாமல் வறை செய்யலாம். மிளகாய்க் கன்றையும் தக்காளியையும் மட்டும் அவசரப்பட்டு வெளியே வைக்காதீர்கள். மே 11 முதல் 15 வரையான நாட்களை இங்குள்ளவர்கள் ‘ஐஸ்ஹைலிக’, பனிப் புனிதர்கள் என்கிறார்கள். அந்த நாட்கள் கழியும்வரை இரவு உறைபனி வரக்கூடும்.

‘ஃபெல்ட்சலாட்’ என்ற வயற்சலாது இவற்றுள் தனிச் சாதி. அதை ஓகஸ்ட், செப்ரெம்பரில் விதைத்தால் பனிக்கடியில் கிடந்து இளவேனிலில் கைகொடுக்கும். கைப்பே இல்லாத மென்மையான இலை. புதிதாகச் சலாது சாப்பிடத் தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல இலை இல்லை. வேரிடுக்கில் மண் ஒளிந்திருக்கும். மூன்று தண்ணீரில் அலசவேண்டும்.

நிலம் வேண்டுமென்றால் உங்கள் ஊரின் ‘கிளைன்கார்ட்டன்’ சங்கத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். வாடகைக்குக் கிடைக்கும் இத் தோட்டத்துண்டுகள் 400 சதுர மீற்றரை மிஞ்சலாகாது என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். பெரிய நகரங்களில் காத்திருப்பு நீளமானது. ஆகையால் இன்றே பதிவது நல்லது.

தானாக முளைப்பவை

தொடங்குபவர்களுக்கு நான்கு இலைகள் போதும்.

முதலாவது ‘லோவன்சான்’. சிங்கப்பல் என்பது பொருள். இலையோரம் பல்லுப்பல்லாக வெட்டுண்டிருக்கும். மஞ்சட் பூவும், ஊதினால் பறக்கும் வெள்ளைப் பஞ்சுத் தலையும் எல்லோருக்கும் தெரிந்தவை. இலைகள் நிலத்திலிருந்து வட்டமாக விரியும். பூத்தண்டில் இலையே இராது. தண்டை முறித்தால் உள்ளே குழாய், பால் வடியும். பூக்கும் முன் உள்ள இளம் இலையே சலாதுக்கு ஏற்றது. ஒரு பூச்சாடியைக் கவிழ்த்துச் செடியை ஒரு கிழமை மூடி வைத்தால் இலை வெளிறிக் கைப்புக் குறையும். பால் உடுப்பில் பட்டால் கறை போகாது, கவனம்.

இரண்டாவது ‘ஃபோகல்மீற’. வெற்று மண்ணில் பாய்போலப் படரும் சிறு கீரை; வெள்ளைப் பூ விண்மீன் போன்றது. இளஞ்சோளத்தின் சுவை. இதன் தண்டு உருண்டை; உற்றுப் பார்த்தால் தண்டில் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு வரிசை மயிர் ஓடும். இதைப் போலவே தோன்றும் ‘கவ்க்ஹைல்’ நஞ்சுள்ளது. அதன் தண்டு நாற்சதுரமானது, பூ பெரும்பாலும் செங்கல் நிறம். மயிர் வரிசையைக் காணாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது புற்றரையில் வெள்ளைப் பூவாகச் சிரிக்கும் ‘கென்சபுளூம்ஷன்’. அதன் பூவும் இளம் இலையும் உண்ணத்தக்கவை. பத்துப் பூக்களைத் தூவினால் சலாதுத் தட்டுக்குக் கலியாணக் களை வந்துவிடும்.

நான்காவது ‘பிறென்னெசல்’. எங்கள் காஞ்சோண்டியைப் போலத் தொட்டால் சுணைக்கும். கையுறை போட்டு நுனியில் உள்ள நான்கு இலைகளை மட்டும் கிள்ளுங்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டால் சுணை முற்றாகப் போய்விடும். அதன்பின் முருங்கையிலை வறை செய்வதுபோல வெங்காயம், மஞ்சள், தேங்காய்ப்பூவோடு வறையாக்கினால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

கரடி உள்ளி: இதை ஆறுதலாக வாசியுங்கள்

இளவேனிலில் ஜேர்மனியரும் சுவிஸ் நாட்டவரும் கூட்டம் கூட்டமாகக் காட்டுக்குப் போய்ப் பறிக்கும் இலை ஒன்று உண்டு. அதன் பெயர் ‘பேர்லவுக்’, கரடி உள்ளி. காடே உள்ளி வாசம் வீசும். சம்பலுக்கு இதைவிடப் பொருத்தமான இலை இல்லை என்றே சொல்லலாம். ஆனாலும் புதிதாக வந்தவர்கள் இதைக் காட்டில் பறிக்க வேண்டாம் என்பதே எமது வேண்டுகோள்.

காரணம், இதே வடிவில், இதே காலத்தில், சில இடங்களில் இதற்குள்ளேயே கலந்து இரண்டு நஞ்சிலைகள் முளைக்கின்றன. ஒன்று ‘மைகுளொக்ஷன்’. வெள்ளை மணிப்பூப் பூக்கும் இச்செடியின் நஞ்சு இதயத்தைத் தாக்கும். மற்றது ‘ஹெர்ப்ஸ்ற்சைற்லோச’. அது இலையுதிர் காலத்தில் ஊதாப் பூவை மட்டும் காட்டும்; இலை வருவது இளவேனிலில்தான். அதனால் பூவைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்கவும் வழியில்லை.

இந்த இரண்டாவது செடியின் நஞ்சுக்குப் பெயர் கொல்கிசின். கார்த்திகைப் பூக்கொடியின் கிழங்கு ஆளைக் கொல்லும் என்பது எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அந்தக் கிழங்கில் உள்ளதும் இதே கொல்கிசின்தான். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். ஊரில் நாம் கிழங்கிலே அஞ்சியது இங்கே மெல்லிய பச்சை இலையாக வந்து நிற்கிறது. சமைத்தாலும் இந்த நஞ்சு அழிவதில்லை; இதற்கு மாற்று மருந்தும் வழக்கத்தில் இல்லை. சாப்பிட்டுச் சில மணித்தியாலங்களின் பின்னரே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அதனால் “பழுதான சாப்பாடு” என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடும் ஆபத்தும் உண்டு. ஜேர்மனியின் ஆபத்து மதிப்பீட்டு நிறுவனமும் இந்தக் குழப்பத்தைப் பற்றி மீண்டும் மீண்டும் எச்சரித்து வந்திருக்கிறது.

அடையாளங்கள் இவை. கரடி உள்ளியின் ஒவ்வோர் இலையும் தனித்தனிக் காம்போடு மண்ணிலிருந்து வரும். இலையின் அடிப்பக்கம் மினுங்காது. மைகுளொக்ஷனில் ஒரே தண்டில் இரண்டு இலைகள் ஒன்றையொன்று தழுவி நிற்கும்; அடிப்பக்கம் மினுங்கும். ஹெர்ப்ஸ்ற்சைற்லோசவுக்குக் காம்பே இல்லை; தடித்த இலைகள் ஒரே இடத்திலிருந்து கூட்டமாக எழும்.

“மணந்து பார்த்தால் தெரியுமே” என்பார்கள். முதல் இலைக்கு அது சரி. அதைக் கசக்கிய விரலில் உள்ளி வாசம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் எந்த இலையை எடுத்து மணந்தாலும் உள்ளிதான் மணக்கும். மூக்கை நம்பிப் பிடிபிடியாகப் பறிப்பது இதனால்தான் ஆபத்து.

ஆசை விடாவிட்டால் கடையிலோ கிழமைச் சந்தையிலோ வாங்குங்கள். தொட்டியில் வளர்க்கும் கன்றும் பூங்கன்றுக் கடைகளில் விற்கிறது. நிழலான மூலையில் வைத்தால் வருடா வருடம் துளிர்க்கும். குடை விரித்ததுபோலப் பூக்கும் காட்டுச் செடிகளின் இலைகளையும் இதேபோல விலக்குங்கள். அந்தக் குடும்பத்தில் கொடிய நஞ்சுச் செடிகள் உள்ளன.

ஐயத்துக்கிடமான இலையை யாராவது தின்றுவிட்டால் வருத்தம் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். நஞ்சு ஆலோசனை நிலையத்தை உடனே அழையுங்கள்: பேர்லினில் 030 19240, பொண் நகரில் 0228 19240, மியூனிச்சில் 089 19240. சுவிஸில் 145. ஆள் மயங்கினாலோ நிலை மோசமானாலோ 112. தட்டில் மிஞ்சிய இலையை எறியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

எங்கே, எவ்வளவு, எப்படி

பெருந்தெரு ஓரம், ரயில் பாதையோரம், நாய்கள் உலாவும் புல்வெளி, மருந்தடிக்கும் வயலின் விளிம்பு ஆகிய இடங்களை விட்டுவிடுங்கள். இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளில் பறிப்பது தடை; பச்சை நிற முக்கோணப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். மற்றைய இடங்களில், பாதுகாக்கப்படாத செடிகளைச் சொந்தத் தேவைக்குச் சிறிதளவு பறிக்க ஜேர்மன் சட்டம் இடம் தருகிறது. ‘ஒரு கைப்பூங்கொத்து’ அளவு என்று அதைச் சொல்வார்கள். விற்பதற்கு அல்ல. வேரோடு பிடுங்காமல், ஓரிடத்தை மொட்டையாக்காமல் பறிக்கவேண்டும்.

வந்தவுடன் இலையை ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். நரியின் மலத்தால் பரவும் நாடாப்புழு தென் ஜேர்மனியிலும் சுவிஸிலும் உண்டு. நோய் அரிது, ஆனால் கொடியது. வீட்டு உறைபெட்டியின் குளிருக்கு அதன் முட்டை சாகாது, சமைக்கும் சூட்டுக்குச் சாகும். ஆகவே காட்டோரத்து இலையைச் சமைத்தும், சொந்தத் தோட்டத்து இலையைப் பச்சையாகவும் உண்பது புத்தி. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் காட்டிலையைப் பச்சையாக உண்ணாதிருப்பது நல்லது.

புல்லுக்குள் போய்வந்த பிள்ளைகளின் உடம்பில், முழங்கால் மடிப்பிலும் கழுத்திலும் தலையிலும், உண்ணி இருக்கிறதா என்று அன்றிரவே பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் வைத்தியரைக் காணவேண்டும்.

மூன்று தட்டுகள் (நான்கு பேருக்கு)

சிங்கப்பல் சம்பல்: இளம் லோவன்சான் இலை இரண்டு பிடி, சின்ன வெங்காயம் ஐந்து, பச்சை மிளகாய் ஒன்று, தேங்காய்ப்பூ நான்கு மேசைக்கரண்டி, தேசிக்காய் பாதி, உப்பு, மிளகுதூள். இலையை உப்பிட்ட இளஞ்சூட்டு நீரில் கால் மணித்தியாலம் ஊறவிட்டுப் பிழிந்து நூல்போல அரியுங்கள். பைக்கற்றில் வரும் உலர் தேங்காய்ப்பூவானால் இரண்டு கரண்டி சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். எல்லாவற்றையும் கையால் பிசைந்து, தேசிக்காயைக் கடைசியில் பிழியுங்கள். சோறு, பருப்போடு பொருந்தும்.

வயற்சலாதும் கிழங்கும்: ஃபெல்ட்சலாட் 150 கிராம், உருளைக்கிழங்கு மூன்று, றடீஷன் ஆறு, அவித்த முட்டை இரண்டு. பையில் ‘ஃபெஸ்ற்கொஹண்ட்’ என்று எழுதிய கிழங்கே உடையாமல் வரும். அவித்து, சூட்டோடு துண்டாக்குங்கள். எண்ணெய் மூன்று கரண்டி, வினாகிரி ஒரு கரண்டி, அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டி, உப்பு, மிளகு ஆகியவற்றைக் கலந்து கிழங்கின் மேல் ஊற்றுங்கள். ஆறிய பின்பே இலையைச் சேர்க்கவேண்டும், சூட்டில் வாடிவிடும். விரும்பினால் கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து மேலே கொட்டலாம். ஜேர்மன் அயலவர்க்குக் கொடுத்துப் பாருங்கள்.

புற்றரைப் பச்சடி: ஃபோகல்மீற ஒரு பிடி, கிறெச ஒரு தட்டு, வெள்ளரிக்காய் பாதி, கெட்டித் தயிர் 250 கிராம், உப்பு, சிறிது சீரகத்தூள். இலையை அரிந்து தயிரில் கலந்து, மேலே கென்சபுளூம்ஷன் பூக்களைத் தூவுங்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், உறைப்பு இல்லை.

முதியவர்கள் கவனிக்க ஒன்று. இரத்தம் உறையாதிருக்க ‘மார்க்குமார்’ போன்ற மாத்திரை எடுப்பவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டிக் குறைக்கக்கூடாது. பச்சையிலையிலுள்ள வைற்றமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றும். வைத்தியரிடம் கேட்டுச் சாப்பிடுங்கள்.

முதியவர் கண்ணும் பிள்ளையின் மொழியும்

ஊரிலிருந்து வந்த அம்மம்மாமார், அப்பப்பாமார் இலை அறிந்தவர்கள். வேலியில் எது வறைக்கு, எது கசாயத்துக்கு என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர்கள். அந்தக் கண் பெரிய சொத்து. ஆனால் அது வேறொரு மண்ணில் பழகிய கண். “இது எங்கடை ஊர்க் கீரை மாதிரி இருக்கு” என்ற எண்ணம் இங்கே போதாது. சாயல் ஒன்றாக இருந்தாலும் செடி வேறு.

அதற்கு வழி எளிது. இந்த வருடம் மே மாதத்தில், பூத்து நிற்கும்போது, ஒவ்வொரு செடியையும் பூவோடு பார்த்து, படம் எடுத்து, இடத்தைக் குறித்து வையுங்கள். பூவோடு கண்ட செடியை அடுத்த மார்ச்சில் இலையோடு அறிவது சுலபம். நகரங்களில் ‘ஃபொல்க்ஸ்ஹொக்சூல’ எனப்படும் மக்கள் கல்விக்கூடங்கள் பலவும் இளவேனிலில் மூலிகை நடை ஒழுங்கு செய்கின்றன. மொழி அரைகுறையாகத் தெரிந்தாலும் போகலாம். இலையைக் கையில் பிடித்துக் காட்டுவார்கள்.

போகும்போது பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். செடியின் ஜேர்மன் பெயர் பிள்ளைக்குத் தெரியும். அதை எப்படிக் கிள்ளுவது, எப்படி அரிவது, எவ்வளவு உப்பு என்பது அம்மம்மாவுக்குத் தெரியும். ஒரு கொப்பியில் இரண்டையும் எழுதி வையுங்கள்: இடப்பக்கம் இலையின் பெயர் அந்த மொழியில், வலப்பக்கம் சம்பலின் செய்முறை எம் மொழியில். சில வருடங்களில் அந்தக் கொப்பி உங்கள் வீட்டில் ஒரு நல்ல புத்தகமாகியிருக்கும்.